கைப்பேசியும் மின்னிசைக் கருவிகளும்

ஓசையற்றது என்று நாம் கருதியிருக்கும் ஒரு பொருள் ஓசைபட நம்முன் வருமாயின், அதன் காரணத்தை ஆராயாது விடுதல் கற்றோர்க்கு அழகன்று. கைப்பேசியைச் சட்டைப்பையிலிட்டு, அதன் மணியோசையையும் அடக்கிவிட்டு, இசையரங்கில் அமர்ந்திருக்கும் ஒருவர், தம்மால் பிறர்க்கு யாதோர் இடையூறும் இல்லையென்றே எண்ணியிருப்பர். ஆயினும், மேடைமேல் மின்கிதார் வாசிப்போரின் ஒலிபெருக்கியினின்று, 'டிட்-டிரிடிட், டிட்-டிரிடிட்' என்று சினங்கொண்ட வண்டு அரற்றுவது போன்றதோர் இரைச்சல் திடீரென எழுகின்றது. கேட்போருள் சிலர் வாசிப்போரை நோக்குவர்; சிலர் மைக்செட்காரரை நோக்குவர்; மைக்செட்காரரோ தம் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பர். இரைச்சல் எழுந்து இரண்டொரு விநாடி கழிந்த பின்னரே சட்டைப்பையிலுள்ள கைப்பேசி நடுங்கி, அழைப்பு வந்திருத்தலை உடையவர்க்கு உணர்த்துகின்றது. அழைப்பை உடையவர் அறியுமுன்னர் ஒலிபெருக்கி அறிந்துகொண்ட இவ்விந்தையை நம்மிற் பலரும் கண்டிருப்போம்.

இவ்விரைச்சல் யாது, எங்ஙனம் பிறக்கின்றது, இதனால் விளையும் தீங்கு யாது, தவிர்க்கும் வழி யாது என்பவற்றை, அறிவியற் பயிற்சி இல்லாத அன்பர்களுக்கும் விளங்குமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் மாணாக்கரேயாயினும், ஒலியின் பிறப்பை ஆராய்தல் எமக்கு அயலான தொழிலன்று. எழுத்தொலி உந்தியினின்று எழுந்து நா, பல், இதழ் முதலியவற்றாற் பிறக்குமாற்றை முறையாக வகுத்துரைத்த இலக்கணத்தை உடையோம் யாம். ஆதலின், நாவும் இதழும் இல்லாத ஒரு கருவியின் ஓசைப் பிறப்பை ஆராய முற்படுதல் பிழையாகாது என்பது எம் துணிபு.

முதற்கண் கைப்பேசியின் இயல்பை நோக்குவோம். அதனைப் பேசும் கருவி என்று வழங்குகின்றோமேனும், உண்மையில் அஃது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வானொலி நிலையமேயாம். கேட்பதோடு நில்லாமல் அது தானும் அலைகளைப் பரப்புகின்றது. ஜி.எஸ்.எம். எனப்படும் முறையில் இயங்கும் கைப்பேசிகள் நம் நாட்டிற் பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு பகுதிகளிற் பேசுவன. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 90 கோடி அதிர்வு என்பது பொருள். மனிதச் செவியோ விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகட்கு மேற்பட்டதைக் கேட்கவல்லதன்று. அங்ஙனமாயின், 90 கோடி அதிர்வுடைய அலை நம் செவிக்கு எட்டியது எவ்வாறு? இங்கே அறியவேண்டுவன இரண்டு. ஒன்று கைப்பேசி அலையை அனுப்பும் முறை. மற்றொன்று இசைக்கருவி அதனை ஏற்கும் முறை.

அனுப்பும் முறையை முதலிற் கூறுதும். ஓர் ஊரில் ஒரே கோபுரத்தை நாடிப் பலர் ஒரே காலத்திற் பேச விரும்புவர். அனைவருக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்குதல் இயலாது. ஆகவே, ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுமாறு ஜி.எஸ்.எம். முறையை வகுத்தோர் ஏற்பாடு செய்தனர். இசையறிந்தோர்க்கு இதனை ஆதிதாளத்தின் வாயிலாக எளிதில் விளக்கலாம். ஆதிதாளத்தின் ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை. எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து, முதல் எண்ணிக்கையில் ஒருவரும் இரண்டாம் எண்ணிக்கையில் மற்றொருவருமாக, தத்தமக்குரிய எண்ணிக்கையில் மட்டும் ஒரு சொற்கட்டைச் சொல்லி, ஏனை ஏழிலும் வாய்மூடி இருப்பதாகக் கொள்க. கைப்பேசிகள் செய்வதும் அதுவே. அவற்றின் ஒரு சுற்று 4.615 மில்லிவிநாடியில் முடிகின்றது. ஒவ்வொருவர்க்கும் உரிய பங்கு ஏறத்தாழ 0.577 மில்லிவிநாடி. அச்சிறு பொழுதிற்குள் கைப்பேசி தன் அலையை எழுப்பி, சொல்லவேண்டுவதைச் சொல்லி, உடனே அடங்கிவிடுகின்றது. இங்ஙனம் விநாடியொன்றுக்கு ஏறக்குறைய 217 முறை அஃது எழுந்து அடங்குகின்றது. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகக் கூறும் தொல்காப்பியம். கண்ணிமைத்தற்கு விநாடியிற் பத்தில் ஒரு பங்கேனும் செல்லும். அதற்குள் கைப்பேசி இருபது முறைக்கு மேற் பேசி ஓய்ந்திருக்கும்.

90 கோடி என்னும் எண் செவிக்கு எட்டாதது. 217 என்னும் எண்ணோ செவிக்கு மிக எளியது. அது பாடகர் பலரும் எளிதிற் பாடும் சுரத்தின் எல்லைக்குள் அடங்குவது. மேனாட்டு இசைமுறையில் 220 அதிர்வுடைய ஏ என்னும் சுரத்திற்குச் சற்றுத் தாழ்ந்து, ஆனால் அதற்கு அடுத்த கீழ்ச்சுரத்தை எட்டாமல், இரண்டிற்கும் இடையே நிற்பது. கிதாரின் மூன்றாம் தந்தியை இரண்டாம் கட்டில் அழுத்தினால் எழும் சுரம் அந்த ஏ ஆகும். ஆதலின், கைப்பேசியின் இரைச்சல் கிதாரின் சுரத்தோடு சேர்ந்தும் சேராமலும் நின்று செவியை உறுத்துகின்றது. அன்றியும், அஃது இனிய தனிச்சுரமும் அன்று. சிறு பொழுது எழுந்து நெடும் பொழுது அடங்கும் துடிப்புகளாதலின், 217-ன் மடங்குகளாகிய 433, 650, 867 முதலிய அதிர்வுகளும் அதனோடு கலந்து ஒலிக்கின்றன. வண்டின் அரற்றல்போல் அது கடூரமாக இருத்தற்கு இதுவே காரணம்.

இனி, இசைக்கருவி இதனை ஏற்குமாற்றைக் காண்போம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதன் காற்பங்கு 8 சென்டிமீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் காற்பங்கு 4 சென்டிமீட்டர். அலையின் காற்பங்கு நீளமுடைய கம்பி எதுவாயினும் அவ்வலையை ஏற்கும் ஏரியலாகப் பணி செய்யவல்லது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் விரல் நீளக் கம்பிகள் எத்தனையோ உள. மைக்கினுள்ளும், மின்கிதாரின் குழியினுள்ளும் உள. அவற்றை அமைத்தோர் அவற்றை ஏரியல் என்று கருதவில்லை; ஆயினும் அலை அக்கருத்தைக் கேட்டு நடப்பதன்று.

கம்பியில் ஏறிய அலை அடுத்துச் சென்று சேர்வது டிரான்சிஸ்டர் முதலிய உறுப்புகளை. இவ்வுறுப்புகள் மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் செல்லவிடும் இயல்பின. ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவை ஒத்தவை எனலாம். அலையின் மேலும் கீழுமாகிய ஆட்டம் இக்கதவிற் பட்டவுடன், ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆகி, அலை எழும்போதெல்லாம் ஒரு சிறு தள்ளலாக மாறுகின்றது. விநாடிக்கு 217 முறை அலை எழுந்தால் 217 தள்ளல்கள் உண்டாகும். 90 கோடி அதிர்வு இங்கே மறைந்தொழிய, அதன் எழுச்சியும் அடக்கமும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவ்வெச்சத்தை இசையென்றே கருதி ஒலிபெருக்கி பன்மடங்காகப் பெருக்கி நமக்குத் தருகின்றது.

இச்செயல் புதியதன்று. வானொலி கேட்கும் கருவிகள் அனைத்திற்கும் அடிப்படை இதுவேயாம். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியிற் பயின்று பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய ஜகதீச சந்திர போஸ், ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவியொன்றை அமைத்து, அதற்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற் காப்புரிமை பெற்றார். அவர் அரிதின் முயன்று செய்த செயலை, இன்று நம் ஒலிபெருக்கிகள் எவரும் வேண்டாமலே செய்துவிடுகின்றன. வானொலிக் கருவிக்குக் குணமாவது கிதாருக்குக் குற்றமாக முடிகின்றது.

மின்கிதார் இவ்விடையூற்றுக்குப் பெரிதும் ஆளாதற்குச் சிறப்பான காரணங்கள் உள. அதன் தந்திகளின் கீழ்ப் பிக்கப் என்னும் உறுப்பு அமைந்திருக்கின்றது. அது காந்தத்தைச் சூழ மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றியது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைய, சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. அச்சிறு மின்னோட்டம் நெடுங்கம்பி வழியே சென்று, ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலிற் புகுந்து, ஒலிபெருக்கியை அடைகின்றது. இவ்வழியெங்கும் அது பன்மடங்கு பெருக்கப்படுதலின், இடையிற் புகுந்த சிறு களவும் பெருங்களவாகிவிடுகின்றது. வாசிப்போர் தம் சட்டைப்பையிலேயே கைப்பேசியை வைத்திருப்பாராயின் இன்னுமொரு வழியும் திறக்கும். துடிப்புத்தோறும் கைப்பேசியின் மின்கலத்தினின்று மின்னோட்டம் பாய்ந்து நிற்பதால், அதனைச் சூழ 217 அதிர்வுடைய காந்தப்புலம் தோன்றும். பிக்கப்போ காந்த அசைவைக் கேட்பதற்கென்றே அமைந்தது; அருகிலுள்ளது தந்தியா, கைப்பேசியா என்று அது பகுத்தறியாது.

மின்விளக்குக் கம்பிகளினின்று வரும் முழக்கத்தை நீக்குதற்கு ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பை கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸெத் லவர் என்பார் 1955-ஆம் ஆண்டில் அமைத்தார். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களிலும் ஒரே அளவிற் புகும் முழக்கம் ஒன்றையொன்று அழித்துவிட, தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். இதனை அறிந்தோர் சிலர், இத்தகைய கிதார் உடையோர்க்குக் கைப்பேசியால் தொல்லையில்லை என்பர். அஃது ஒருபுடையே உண்மை. கைப்பேசியின் அலை பிக்கப்பை விடுத்துக் கம்பியின் வழியும், பெடலின் வழியும், ஒலிபெருக்கியின் வாயில் வழியும் புகவல்லது. முன்வாயிலை அடைத்த வீட்டிற் பின்வாயில் வழியே புகுவாரைத் தடுத்தவர் யார்?

மணி ஒலிக்குமுன் இரைச்சல் எழுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அழைப்பு வந்தவுடன் கோபுரம் கைப்பேசியின் அடையாளத்தைக் கூறி விளிக்கின்றது. கைப்பேசி 'இங்குளேன்' என விடையளித்து, தான் இன்னதென்று மெய்ப்பித்து, பேசுதற்கு இடம் பெறுகின்றது. இவ்வுரையாடல் முடிந்த பின்னரே மணி ஒலிக்கும். 'டிட்-டிரிடிட்' என விட்டுவிட்டு நாம் கேட்பது இவ்வுரையாடலின் தாளமேயாம். பேச்சுத் தொடங்கியபின் இரைச்சல் இடைவிடாத ரீங்காரமாக மாறும். அழைப்பே வாராதபோதும், தான் இருக்குமிடத்தைக் கோபுரத்திற்கு அறிவிக்கக் கைப்பேசி இடையிடையே பேசுவதுண்டு. காரணமின்றி இரைந்ததென்று நாம் வியப்பது அதனையே.

மற்றொன்றும் கருதத்தக்கது. 900 மெகாஹெர்ட்ஸில் இக்கைப்பேசி தன் முழு வலிமையில் 2 வாட் அளவு அலையைப் பரப்பவல்லது. கோபுரம் அண்மையில் இருப்பின் சில மில்லிவாட்டே போதும் என்று கோபுரமே பணித்துக் குறைத்துவிடும். தடித்த கற்சுவருடைய பழைய மண்டபங்களுள் கோபுரத்தின் குரல் மெலிந்து கேட்கும். ஆதலின் அங்கே கைப்பேசி உரத்துப் பேசவேண்டியதாகின்றது. செவிடரோடு பேசுவோர் குரலை உயர்த்துமாறு போல்வது இது. நம் போன்ற பழங்கல்லூரிகளின் அரங்குகளில் இத்தொல்லை மிகுதற்கு இஃதொரு காரணமாகும்.

ஜி.எஸ்.எம். முறையில் முதல் அழைப்பு 1991-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் பின்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு கல்கத்தாவினின்று டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு கைப்பேசியிற் பேசினார். பின்னர் வந்த 3ஜி முறையில், அனைவரும் ஒரே காலத்திற் பேச, ஒவ்வொருவர் பேச்சும் அதற்குரிய குறியீட்டாற் பிரித்தறியப்பட்டது. எழுதலும் அடங்கலும் இல்லாமையின் அதில் இவ்விரைச்சல் பெரிதும் மறைந்தது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரிலும், சிங்கப்பூர் நாடு 2017-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் பழைய 2ஜி முறையைக் கைவிட்டன. நம் நாட்டிலோ எளிய பொத்தான் கைப்பேசிகள் பலவும் அம்முறையையே இன்றும் நாடி நிற்கின்றன. காலத்தைப் பகுத்துப் பேசும் வழக்கம் 4ஜி முறையின் ஒரு பிரிவிலும் உண்டு. ஆகவே, தொல்லை குறைந்தது என்னலாமேயன்றி ஒழிந்தது என்னலாகாது.

இவ்விரைச்சலாற் கருவி கெட்டுவிடுமோ என்று அஞ்சுவார் உளர். அங்ஙனம் கெடுதற்கு இடமில்லை. இரைச்சலின் பெருமையைக் கொண்டு கைப்பேசியின் கொடுமையை அளத்தலும் முறையன்று. ஒரே கைப்பேசியின் அருகே ஓர் ஒலிபெருக்கி அலறும், மற்றொன்று வாளாவிருக்கும். வேற்றுமை கைப்பேசியில் இல்லை. கருவியின் அமைப்பில் உள்ளது. ஆயின் உண்மையான தீங்கு பிறிதோரிடத்தில் இருக்கின்றது. அதனை வாசகர் ஊன்றிக் கருதுமாறு வேண்டுகின்றோம்.

செவிப்புலன் குறைந்தோர் காதிற் பொருத்திக்கொள்ளும் கருவியும் ஒரு மைக்கும் ஒலிபெருக்கியுமேயாம். மேடையிலுள்ள ஒலிபெருக்கி இரைந்தால் அரங்கினர் அனைவரும் கேட்பர்; திரும்பிப் பார்ப்பர்; உடையவர் நாணித் தம் கைப்பேசியை அணைப்பர். செவிக்கருவி இரைந்தாலோ அதனை அணிந்தவர் ஒருவர்க்கே அது கேட்கும். அருகில் அமர்ந்திருப்பவரின் மௌனமான கைப்பேசி, அவர் செவியுள் மட்டும் அலறுகின்றது. மணியை அடக்கிய பெருந்தகையார் தம் கடமை முடிந்ததென்று மகிழ்ந்திருக்க, அயலிருக்கும் முதியவர் சொற்பொழிவின் சொற்களை இழந்து, காரணம் அறியாது வருந்துவர். முன்னரே கேட்கும் ஆற்றல் குறைந்தவர்க்கு, கேட்ட சிறிதையும் நாம் பறித்தல் தகுமோ? அமெரிக்க நாட்டில் தொலைபேசிகள் செவிக்கருவியோடு ஒத்து இயங்கவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது; கைப்பேசிகளுக்கு அளித்திருந்த விலக்கு 2003-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பயனாகக் கைப்பேசிகளும் இவ்வகையில் அளந்து தரம் குறிக்கப்படலாயின. செவிக்கருவி செய்வோரும் தம் கருவிகளைச் செம்மைப்படுத்தினர். பழைய கருவிகளை அணிந்தோர்க்கே இன்னல் மிகுதி; புதியன வாங்க வசதியற்றோர் அவர்களேயாவர்.

தவிர்க்கும் வழிகள் இருதிறத்தன. கருவி அமைப்போர் செய்யத்தக்கன சில. கிதாரின் உட்குழியைச் செப்புத் தகட்டால் மூடலாம். ஒலிபெருக்கியின் வாயிலில் மிகச் சிறிய மின்தேக்கியை வைத்து உயர்ந்த அதிர்வுகளைப் புறவழியே போக்கலாம். கம்பியை ஃபெரைட் வளையத்தினூடே செலுத்தலாம். மைக்குகளுக்கு ஒன்றுக்கொன்று எதிராகச் செல்லும் இரு கம்பிகளை முறுக்கிய இணைகம்பியைப் பயன்படுத்தலாம். கம்பியின் மேலுள்ள வலைக்காப்பைப் பெட்டியின் வாயிலிலேயே உலோகக் கூட்டோடு இணைத்தல் இன்றியமையாதது. அதனை உள்ளே நெடுகக் கொண்டுசென்று இணைத்தால், காவலனே கள்வனை வீட்டினுள் அழைத்து வந்தவாறாகும். இக்குற்றம் பல கருவிகளில் இருத்தலை நீல் மன்ஸி என்னும் ஒலிப்பொறியியலார் 1995-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்.

நாம் செய்யத்தக்கன இவற்றினும் எளியன. முதலாவது, விலக்கி வைத்தல். தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். முற்கூறிய ஒருவழிக் கதவின் இயல்பால் இரைச்சலோ காற்பங்காகக் குறையும். எனவே, ஒலிபெருக்கியின் மேல் வைத்த கைப்பேசியை நாலடி தள்ளி வைத்தலே பெரும் பயன் தரும். இரண்டாவது, மணியை மட்டும் அடக்காது, விமானப் பயண நிலையில் வைத்தல் அல்லது முற்றும் அணைத்தல். மணியை அடக்குதல் வேறு, கைப்பேசியை அடக்குதல் வேறு என்னும் வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். முன்னதில் நம் செவிக்கு மட்டுமே அது மௌனம். பின்னதில் அனைவர் செவிக்கும் மௌனம்.

மணியோசையை அடக்கும் ஒழுக்கம் நம் அரங்குகளில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அது கண்டு மகிழ்கின்றோம். ஆயின், நாம் கேளாத ஓசையாலும் பிறர் துன்புறுதல் உண்டென்று அறிந்தபின், அவ்வொழுக்கம் ஒருபடி மேலேறுதல் வேண்டும். நம் கல்லூரிக் கலையரங்கிலும், வழிபாட்டிடங்களிலும், சொற்பொழிவு மண்டபங்களிலும் நுழையுங்கால், இரண்டு விரலாற் செய்யும் இச்சிறு தொண்டை மறவாது செய்து, பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் உரிய அமைதியை அவரவர்க்கு அளிப்போமாக.